பனியன் கம்பெனி ரேக்கில் ஒரு 1யூ ஃபயர்வால்: பெட்டிக்கு வெளியே நடந்தது

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி. ஏற்றுமதிதான் தொழில். கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங் எல்லாம் கீழே, மாடியில் அலுவலகம். அங்கே பல வருடமாக ஓடிக்கொண்டிருந்த பழைய ஃபயர்வாலை (இணையத்துக்கும் அலுவலக நெட்வொர்க்குக்கும் நடுவே நின்று போக்குவரத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) எடுத்துவிட்டு ரேக்கில் (கருவிகளை அடுக்கி முடுக்கும் இரும்புச் சட்டம்) ஏற்றுகிற பெட்டி ஒன்றை வைத்துக் கொடுத்தோம். அந்த வேலையைப் பற்றிய முழுப் பதிவு இது. ஃபயர்வாலுக்குள் ரூல் எழுதுவது, விலான் (ஒரே நெட்வொர்க்குக்குள் தனித்தனிப் பகுதி) பிரிப்பது எப்படி என்று சொல்ல ஆயிரம் வழிகாட்டிகள் கிடைக்கின்றன, அதனால் அதை வேகமாகத் தாண்டிவிடுவேன். இந்த வேலையில் நேரத்தைத் தின்றதெல்லாம் பெட்டியை வெளியிலிருந்து தொட்டுக்கொண்டிருந்த விஷயங்கள்: ரேக்கின் இரும்பு, காற்று, எர்த், அப்புறம் இணைய நிறுவனத்தின் எதிர்முனை.

முன்பு என்ன இருந்தது

கணக்குப் பிரிவு மேஜைக்கு அடியில் ஒரு பழைய டெஸ்க்டாப் கணினி, அதில் இரண்டு நெட்வொர்க் கார்டு, உள்ளே லினக்ஸ். அமைத்துக் கொடுத்தவர் எப்போதோ வேலையை விட்டுப் போய்விட்டார், பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாது. ஒரு கார்டில் 20 எம்பிபிஎஸ் லீஸ்டு லைன் (கம்பெனிக்கென்று தனியாக வாடகைக்கு எடுத்த இணைய இணைப்பு), மீடியா கன்வெர்ட்டர் (ஃபைபரைக் காப்பர் கேபிளுக்கு மாற்றும் சின்னப் பெட்டி) வழியாக நேராக வந்து சேர்கிறது. இன்னொரு கார்டு அலுவலகச் சுவிட்சுக்கு. இது போக ஒரு ஃபைபர் பிராட்பேண்டும் உண்டு. லீஸ்டு லைன் போனால் யாராவது ஓடிப்போய்க் கேபிளைப் பிடுங்கி மாற்றிச் சொருகுவார்கள், அதற்குள் பாதி அலுவலகம் எழுந்து நின்றுவிடும். சுவரில் 9யூ ரேக் ஒன்று (யூ என்பது ரேக்கின் உயர அளவு), கண்ணாடிக் கதவோடு. அதில் பேட்ச் பேனல், 24 போர்ட் சுவிட்ச், கேமரா பதிவுப் பெட்டி.

மாற்ற வேண்டிய காரணம் இரண்டு. கணினியின் ஹார்ட் டிஸ்க் டிக் டிக்கென்று சத்தம் போட ஆரம்பித்திருந்தது. அதைவிட, வெளிநாட்டு பையர் (சரக்கு வாங்கும் நிறுவனம்) தரப்பிலிருந்து வந்த தணிக்கைக் கேள்விகளில் 'இணையப் போக்குவரத்துப் பதிவுகளை எங்கே, எவ்வளவு காலம் வைக்கிறீர்கள்' என்று ஒரு வரி இருந்தது. பதிவு என்று எதுவுமே இல்லை என்பதுதான் அன்றைய பதில்.

வாங்கியது இன்டெல் பிராசசர் போட்ட 1யூ பெட்டி. ஆறு காப்பர் போர்ட், இரண்டு எஸ்எஃப்பி பிளஸ் (ஃபைபர் சொருகும் போர்ட்), இரட்டை பவர் சப்ளை. மென்பொருள் ஓபன்சென்ஸ். ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளத்தின் மேல் ஓடுகிற திறந்த மூல ஃபயர்வால்களுக்கு ஒரு வம்சாவளி இருக்கிறது: மோனோவால் என்ற சின்னத் திட்டத்திலிருந்து 2004இல் பிஎஃப்சென்ஸ் பிரிந்தது, அதிலிருந்து 2015 ஜனவரியில் நெதர்லாந்தின் டெசிசோ நிறுவனம் ஓபன்சென்ஸைப் பிரித்தது, அடுத்த மாதமே மோனோவாலை ஆரம்பித்த மானுவல் காஸ்பர் தன் திட்டத்தை முடித்துக்கொண்டு பயனர்களை ஓபன்சென்ஸ் பக்கம் போகச் சொன்னார். வருட லைசென்ஸ் கிடையாது என்பதுதான் முதலாளிக்குப் பிடித்த அம்சம். லைசென்ஸ் முடிந்து, புதுப்பிக்கப் பணம் ஒதுக்காமல், வெறும் விலையுயர்ந்த ரவுட்டராக ஓடுகிற பிராண்டு ஃபயர்வால்களை இந்த ஊரில் நிறையப் பார்த்திருக்கிறேன். அதைவிட இது மேல் என்பது என் கணக்கு.

மேஜை மேல் வைத்தே முதலில்

ரேக்கில் ஏற்றுவதற்கு முன் பெட்டியை மேஜையில் வைத்து ஓட்டிப் பார்த்துவிட வேண்டும். திரை கிடையாது, கன்சோல் போர்ட் (வேறு கணினியிலிருந்து கேபிள் சொருகிப் பேசும் வழி) மட்டும்தான். வெளிர்நீல நிற ரோல்ஓவர் கேபிளைச் சொருகி, புட்டி மென்பொருளில் வேகம் 115200 என்று வைத்தால் எழுத்து தெளிவாக வரும். பழக்க தோஷத்தில் 9600 வைத்தால் குப்பை எழுத்துதான். ஓபன்சென்ஸ் இமேஜ் (நிறுவும் கோப்பு) இறக்கும்போது கவனிக்க வேண்டியது ஒன்று: திரைக்கான விஜிஏ இமேஜ் வேறு, கன்சோலுக்கான சீரியல் இமேஜ் வேறு. திரை இல்லாத பெட்டியில் விஜிஏ இமேஜைப் போட்டால் ஆரம்ப வரிகள் வந்துவிட்டு அப்புறம் கன்சோல் மௌனமாகிவிடும், பெட்டி செத்துவிட்டது என்று நினைத்துத் திருப்பி அனுப்பியவர்களும் உண்டு. வட்டு அமைப்பு கேட்கும்போது இசட்எஃப்எஸ் கொடுத்தோம், திடீர் மின்வெட்டைத் தாங்குவதில் அது யுஎஃப்எஸ்ஸைவிட உறுதி.

பெட்டி ரொம்ப நாள் குடோனில் கிடந்திருக்க வேண்டும். தேதி பல வருடம் பின்னால் நின்றது. தேதி தப்பாக இருந்தால் அப்டேட் சர்வரின் சான்றிதழ் 'இன்னும் செல்லுபடியாக ஆரம்பிக்கவில்லை' என்று நிராகரிக்கப்படும். திரையில் தெரிவதோ அப்டேட் தோல்வி என்ற ஒரு வரி மட்டும், அதைப் பார்த்துவிட்டு டிஎன்எஸ்ஸை (தளப் பெயரை ஐபி எண்ணாக மாற்றித் தரும் சேவை) சந்தேகப்பட்டு மணிக்கணக்கில் அலையலாம். உள்ளே இருந்த சிஆர்2032 பேட்டரியை மாற்றித் தேதி வைத்ததும் சரி.

பயாஸில் (பெட்டி எழும்போது முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்) ஒரு அமைப்பு உண்டு, மின்சாரம் போய்த் திரும்பி வந்தால் பெட்டி தானாக ஓட வேண்டுமா, அணைந்தே இருக்க வேண்டுமா என்று. இந்தப் பெட்டி 'அணைந்தே இரு' என்று வந்திருந்தது. நம்ம ஊரில் அப்படி விட்டால், நள்ளிரவில் யுபிஎஸ் பேட்டரி தீர்ந்துபோகிற ஒரு நாளில், காலையில் யாராவது வந்து ரேக்கைத் திறந்து பட்டனை அமுக்குகிற வரை இணையம் வராது. மாற்றினோம், இரண்டு பவர் கார்டையும் உருவி மறுபடி சொருகிப் பார்த்தோம், தானாக வந்தது.

போர்ட் பெயர்களிலும் ஒரு சிக்கல். பெட்டியின் முகப்பில் 1, 2, 3 என்று அச்சடித்திருக்கும், உள்ளே ஐஜிபி0, ஐஜிபி1 என்று வரும், இரண்டும் அதே வரிசையில் இருக்கும் என்று நம்பக் கூடாது. கன்சோலில் இன்டர்ஃபேஸ் ஒதுக்கும் இடத்தில் 'ஏ' அமுக்கிவிட்டுக் கேபிளைச் சொருகினால் எந்தப் போர்ட்டில் லிங்க் வந்தது என்று அதுவே கண்டுபிடித்துச் சொல்லும். சொன்னதை லேபிள் அடித்துப் பெட்டியிலேயே ஒட்டினோம்.

ரேக்

19 அங்குல ரேக் என்பது முகப்புப் பட்டையின் அகலம், 482.6 மில்லிமீட்டர். ஒரு யூ என்பது 44.45 மில்லிமீட்டர் உயரம். இதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். துளைகளின் இடைவெளி சமமாக இல்லை என்பதுதான் புதிதாக ரேக்குக்கு வருகிறவர்களைச் சிக்க வைக்கும். 15.9, 15.9, 12.7 என்ற வரிசையில் திரும்பத் திரும்ப வரும். ஒரு யூ தொடங்குவது அந்தக் குறுகிய 12.7 இடைவெளியின் நடுவில். ஒரு துளை தள்ளி கேஜ் நட் (ரேக் துளையில் மாட்டுகிற சதுர நட்) போட்டுவிட்டால் பெட்டியின் காதில் (முகப்பின் இரு பக்கமும் நீளும் பட்டை) உள்ள துளை பாதி நட்டையும் பாதி இரும்பையும் காட்டும், போல்ட் நேராக ஏறாது. சிலர் அப்படியே ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தி மரையைக் கெடுத்துவிடுவார்கள். குறுகிய இடைவெளி எது என்று முதலில் பென்சிலால் இரண்டு தூணிலும் கோடு போட்டுக்கொண்டால் போதும். கேஜ் நட்டை வெறும் விரலால் அமுக்குகிறவர்களின் கட்டை விரலை வேலை முடிந்த பிறகு பார்க்க வேண்டும். அந்தச் சின்ன கொக்கிக் கருவி நட்டுப் பொட்டலத்தோடு சும்மாவே வருகிறது.

சுவர் ரேக்குக்குப் பின் தூண் கிடையாது. முன் காதை மட்டும் நம்பி 1யூ பெட்டியைத் தொங்கவிட்டால் பின்பக்கம் மெல்லத் தாழ்ந்து, கொஞ்ச நாளில் காதே வளைந்துவிடும். கீழே ஒரு தட்டு கொடுத்து அதன் மேல் பெட்டியை உட்கார வைத்து, காதை முன்னால் முடுக்கினோம். ஆழமும் அளக்க வேண்டிய ஒன்று. பெட்டியின் ஆழம் ரேக்குக்குள் அடங்குகிறது என்று கேட்டலாகைப் பார்த்துச் சொல்லிவிடலாம், ஆனால் பின்னால் சொருகுகிற பவர் கார்டின் தலைக்கும் அதன் வளைவுக்கும் இடம் வேண்டும். இங்கே சுவருக்கும் பெட்டிக்கும் நடுவே நேர்தலை கார்டு மடங்கித்தான் நின்றது. பக்கவாட்டில் வளைந்த தலை உள்ள கார்டாக வாங்கி வரச் சொன்னோம்.

அடுத்தது காற்று. இந்தப் பெட்டி முன்பக்கம் காற்றை இழுத்துப் பின்பக்கம் தள்ளுகிற வகை. முன்னால் கண்ணாடிக் கதவு, பின்னால் சுவர். கதவை மூடினால் பெட்டி தான் விட்ட சூட்டையே திரும்ப இழுத்துக்கொள்கிறது. கதவு திறந்திருந்தபோது 59 டிகிரி காட்டிய பிராசசர், கதவை மூடி மதிய உணவுக்குப் போய்த் திரும்பியபோது 78இல் நின்றது. அதுவும் வேலை அதிகம் இல்லாமலே. 1யூ பெட்டிக்குள் இருப்பது 40 மில்லிமீட்டர் விசிறிகள், சூடு ஏற ஏற அலறும், பக்கத்து மேஜையில் இருந்த கணக்குப் பிரிவு அக்கா, "என்னங்க சார், இது இப்படியேதான் கத்துமா?" என்று கேட்டார்.

கண்ணாடிக் கதவைக் கழற்றிவிட்டு வலைக் கதவு போட்டோம். இந்த இடத்தில் திருப்பூருக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது, பஞ்சுத் தூசி. கட்டிங் பகுதியிலிருந்து படிக்கட்டு வழியாக மேலே ஏறி வருகிற அந்த மெல்லிய பஞ்சு, பழைய கணினியின் விசிறியில் கம்பளி மாதிரிப் படிந்திருந்தது, நகத்தால் உரித்தால் ஒரே தகடாகக் கையோடு வந்தது. வலைக் கதவு காற்றை விடும், பஞ்சையும் விடும். அதனால் வலையின் உள்பக்கம் ஒரு ஃபில்டர் ஸ்பாஞ்சை வைத்து, சனிக்கிழமை சம்பளம் போட்டு முடித்த பிறகு அதை எடுத்துத் தட்டிக் கழுவி மாற்றுவது என்று ஒரு ஏற்பாடு. ஸ்பாஞ்ச் இரண்டு வாங்கி வைத்தோம், ஒன்று காயும்போது இன்னொன்று. கண்ணாடிக் கதவை அழகுக்காகத் திரும்ப மாட்டிவிடக் கூடாது என்று அதை வளாகத்தை விட்டே வெளியே அனுப்பச் சொன்னேன்.

எர்த்

காதை முடுக்கும்போது ரேக் சட்டத்தில் கை பட்டதும் சுள்ளென்றது. எலெக்ட்ரீசியன் அண்ணனிடம் சொன்னேன், அவர் வாயைத் திறப்பதற்குள் அலுவலக உதவியாளர் முந்திக்கொண்டார்: "அது எப்பவுமே அப்படித்தானுங்க. செருப்புப் போட்டுட்டுத் தொட்டா ஒண்ணும் தெரியாதுங்க."

மல்டிமீட்டரை ஏசியில் வைத்து ரேக் சட்டத்துக்கும் நியூட்ரலுக்கும் நடுவே பார்த்தால் 118 வோல்ட். "லைன் எங்கியோ பாடில பட்டிருக்குதுங்க தம்பி" என்றார் அண்ணன். லைன் நேராகப் பட்டிருந்தால் 230க்குப் பக்கத்தில் காட்டியிருக்கும், சுள்ளென்பதோடும் நின்றிருக்காது. பாதி வோல்ட் காட்டுவது வேறு நோய். சுவிட்ச், ஃபயர்வால், பதிவுப் பெட்டி என்று மூன்று பின் கார்டு உள்ள எல்லாவற்றின் பவர் சப்ளையிலும், மின் இரைச்சலை எர்த்துக்குக் கடத்த இரண்டு சின்ன கெப்பாசிட்டர்கள் இருக்கும், ஒன்று லைனிலிருந்து உலோக உடம்புக்கு, இன்னொன்று நியூட்ரலிலிருந்து உடம்புக்கு. எர்த் ஒழுங்காக இருந்தால் அந்தத் துளி கரண்ட் மண்ணுக்குள் போய்விடும். எர்த் அறுந்திருந்தால் உடம்பு இரண்டுக்கும் நடுவில் தொங்கும், 230இல் பாதி. ஒரு பெட்டியின் கசிவு மில்லி ஆம்பியரைவிடக் குறைவுதான், ஆனால் ஒரே ரேக்கில் ஏற்றி வைத்த எல்லாவற்றின் கசிவும் கூடிக் கையில் இறங்குகிறது. இப்படி ஒரு ரேக்கில் உண்மையிலேயே ஒரு பெட்டியின் இன்சுலேஷன் போய்விட்டால், ஃபியூஸ் போகாது, பிரேக்கர் விழாது, சட்டம் முழுக்க 230 வோல்ட்டோடு நிற்கும். அதனால்தான் 'பழகிப்போச்சு' என்ற பதிலை ஏற்க முடியாது.

யுபிஎஸ்ஸிலிருந்து ரேக்குக்கு வந்த எக்ஸ்டென்ஷன் பெட்டியைத் திறந்ததும் தெரிந்துவிட்டது. மூன்று பின் பிளக், மூன்று பின் சாக்கெட், நடுவில் ஓடியது இரண்டு கோர் வயர். எர்த் பின்னில் ஸ்க்ரூ மட்டும் இருக்கிறது, வயர் இல்லை. அந்தப் பெட்டியையே தூக்கிப் போட்டுவிட்டு ரேக்கில் மாட்டுகிற பவர் பட்டையை மூன்று கோர் வயரோடு போட்டார் அண்ணன். கூடவே ரேக்கின் எர்த் போல்ட்டிலிருந்து எர்த் பஸ்பார் (எர்த் வயர்கள் வந்து சேரும் உலோகப் பட்டை) வரை 6 சதுர மில்லிமீட்டர் பச்சை வயர் தனியாக. பெயின்ட் அடித்த இரும்பில் வாஷரை வைத்து முடுக்கினால் தொடர்பு கிடைக்காது, போல்ட் உட்காருகிற இடத்தில் பெயின்ட்டைச் சுரண்ட வேண்டும். அவர் அதைச் சொல்லாமலே செய்தார், நல்ல வேலைக்காரர். அப்புறம் வளாகத்தின் எர்த் குழியையும் போய்ப் பார்த்தோம், காய்ந்து கிடந்தது. ஒரு வாளித் தண்ணீர் விட்டு, வாரம் ஒரு முறை விடும்படி வாட்ச்மேனிடம் சொல்லியாயிற்று. கடைசியில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே 2 வோல்ட்டுக்குள் வந்தது, ரேக் சட்டத்தில் கூச்சம் இல்லை.

இரட்டை பவர் சப்ளை பற்றி ஒரு வரி. இரண்டு கார்டையும் ஒரே யுபிஎஸ்ஸில் சொருகி வைத்தால் யுபிஎஸ் போகும்போது இரண்டும் சேர்ந்தே போகும். ஒன்றை யுபிஎஸ்ஸிலும் மற்றதை ஸ்டெபிலைசர் வழியாக நேரடி மின்சாரத்திலும் கொடுத்தோம்.

லைன் மாற்றிய ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை தொழிற்சாலை ஓடாது, அன்றுதான் மாற்றினோம். உள்பக்கம் எதையும் கலைக்கவில்லை. பிரிண்டர், கைரேகை வருகைப் பதிவுக் கருவி, டேலி சர்வர், கேமரா பெட்டி எல்லாவற்றிலும் கேட்வே (வெளியே போகும் வழியின் முகவரி) 192.168.0.1 என்று கையால் போட்டு வைத்திருந்தார்கள், ஆகவே புதுப் பெட்டிக்கும் அதே எண். ஓபன்சென்ஸைப் புதிதாகப் போட்டதும் உள்பக்கம் 192.168.1.1 என்று இருக்கும். பிராட்பேண்ட் கருவியும் 192.168.1 வரிசையையே கொடுத்துக்கொண்டிருந்தது, இரண்டு பக்கமும் ஒரே வரிசை இருந்தால் பெட்டிக்கு எது உள்ளே எது வெளியே என்றே தெரியாது. எப்படியும் மாற்றித்தான் ஆக வேண்டும்.

லீஸ்டு லைன் கேபிளைப் பழைய கணினியிலிருந்து உருவிப் புதுப் பெட்டியில் போட்டோம். லிங்க் விளக்கு எரிகிறது. ஐபி, கேட்வே, எல்லாம் நிறுவனம் கொடுத்த கடிதத்தில் உள்ளபடி. கேட்வேயின் மேக் முகவரி (நெட்வொர்க் கார்டின் வன்பொருள் எண்) ஏஆர்பி பட்டியலில் (எந்த ஐபிக்கு எந்த மேக் என்ற பட்டியல்) வந்துவிட்டது. ஆனால் பிங் (எதிர்முனை பதில் சொல்கிறதா என்று பார்க்கும் சோதனை) ஒன்றுகூடத் திரும்பவில்லை.

இங்கே பாக்கெட் கேப்சர் (லைனில் போய்வரும் தரவுத் துண்டுகளைப் பிடித்துக் காட்டுவது) எடுத்துப் பார்த்தால் மண்டை காய்ந்துவிடும். போன பிங் தெரிகிறது, அதற்குப் பதில் வந்ததும் தெளிவாகத் தெரிகிறது, ஆனால் பிங் கட்டளை 100 சதவீதம் இழப்பு என்கிறது. ஃபயர்வால் ரூல் தடுக்கிறதோ என்று எல்லோருக்கும் தோன்றும். கேப்சரில் மேக் முகவரியையும் காட்டச் சொன்னால் விஷயம் வெளியே வரும்: பதில் பாக்கெட்டுகள் எல்லாம் வேறொரு மேக் முகவரிக்கு எழுதப்பட்டு வந்துகொண்டிருந்தன. மேஜைக்கு அடியில் இருந்த பழைய கணினியின் கார்டைத் திருப்பிப் பார்த்தால் ஸ்டிக்கரில் அதே எண்.

இணைய நிறுவனம் தன் ரவுட்டரில் நம் ஐபியையும் பழைய கார்டின் மேக் முகவரியையும் சேர்த்துக் கட்டி வைத்திருக்கிறது. நாம் ஏஆர்பியில் கேட்டால் அது பதில் சொல்கிறது, அதனால் கேட்வே தெரிகிறது. ஆனால் டேட்டாவைத் தன் பட்டியலில் உள்ள பழைய முகவரிக்கே அனுப்புகிறது. நடுவில் இருப்பது ஒரு ஃபைபரும் மீடியா கன்வெர்ட்டரும் மட்டும்தான், எந்த முகவரிக்கு எழுதியிருந்தாலும் அது நம் போர்ட்டுக்கே வந்து சேரும். கேப்சர் ஓடும்போது கார்டு எல்லா பாக்கெட்டையும் வாங்கிக் காட்டும், அதனால் நம் கண்ணுக்குத் தெரிகிறது. தனக்கு எழுதப்படாதது என்பதால் பெட்டி அதைத் தூக்கி எறிகிறது. இப்படிக் கட்டி வைக்காத இடங்களிலும் ஏஆர்பி பட்டியலில் பழைய முகவரி கொஞ்ச நேரம் தங்கும், சிஸ்கோ ரவுட்டர்களில் இயல்பான காலம் 4 மணி நேரம். 'ராத்திரி வரவில்லை, காலையில் தானாக வந்துவிட்டது' என்று சொல்லப்படும் கதைகளில் பாதி இதுதான்.

உடனடி வழி, புதுப் பெட்டியின் அந்த இன்டர்ஃபேஸில் பழைய மேக் முகவரியை எழுதிவிடுவது. எழுதினோம், பிங் வந்தது. நிறுவனத்தின் உதவி மையத்துக்கு ஃபோன் போட்டால் ஞாயிற்றுக்கிழமை யாருக்கும் அந்தக் கட்டு பற்றித் தெரியவில்லை. திங்கட்கிழமை ஒரு பொறியாளர் பேசி, புது முகவரியை ஏற்றிக் கொடுத்தார், அதன்பின் நாம் எழுதியதை எடுத்தோம். பழைய முகவரியை எழுதிவிட்டு யாருக்கும் சொல்லாமல் அப்படியே விட்டுவிடக் கூடாது, பழைய கணினியை யாராவது வேறு எங்கேயாவது சொருகினால் ஒரே முகவரி இரண்டு இடத்தில் வரும்.

பிங் சரி, அப்லோட் படுத்துவிட்டது

பிங் சுத்தமாக வருகிறது, ஒரு இழப்பும் இல்லை. பக்கங்கள் திறக்கின்றன. பையருக்கு ஒரு டிசைன் கோப்பை அனுப்பிப் பார்த்தால் நகரவே இல்லை. வேகச் சோதனையில் டவுன்லோட் ஏறி இறங்கி ஆடுகிறது, அப்லோட் 1 எம்பிபிஎஸ்கூட இல்லை.

இன்டர்ஃபேஸ் விவரப் பக்கத்தில் கொலிஷன் (பாக்கெட் மோதல்) எண்ணிக்கை ஏறிக்கொண்டே இருந்தது. இந்தக் காலத்தில் கொலிஷன் என்று ஒரு எண் பூஜ்யத்தைத் தாண்டினாலே டூப்ளெக்ஸைத்தான் பார்க்க வேண்டும் (ஃபுல் என்றால் இரு முனையும் ஒரே நேரத்தில் பேசலாம், ஹாஃப் என்றால் ஒரு நேரத்தில் ஒரு முனைதான்). நம் போர்ட் 100 எம்பிபிஎஸ், ஹாஃப் டூப்ளெக்ஸ் என்றது. மீடியா கன்வெர்ட்டரைத் திருப்பினால் அடியில் நான்கு சின்ன டிப் சுவிட்சுகள், ஆட்டோ அணைக்கப்பட்டு 100 ஃபுல் என்று நிலையாக வைக்கப்பட்டிருந்தது.

ஒரு முனை ஆட்டோ நெகோஷியேஷனில் (வேகத்தையும் டூப்ளெக்ஸையும் எதிர்முனையோடு தானாகப் பேசி முடிவு செய்வது) இருக்கிறது, மறுமுனை அதை அணைத்துவிட்டு 100 ஃபுல் என்று நிலையாக நிற்கிறது. ஆட்டோ முனை சிக்னலை வைத்து வேகம் 100 என்பதைக் கண்டுபிடித்துவிடும், டூப்ளெக்ஸைக் கண்டுபிடிக்க வழி இல்லை, விதிப்படி ஹாஃப் என்று எடுத்துக்கொள்ளும். அதன்பின் கன்வெர்ட்டர் எப்போது வேண்டுமானாலும் பேசுகிறது, நம் முனை பேசிக்கொண்டிருக்கும்போது எதிரே சத்தம் கேட்டால் மோதல் என்று நினைத்துப் பாதி பாக்கெட்டோடு நிறுத்திக்கொள்கிறது. பிங் என்பது ஒன்று போய் ஒன்று வருவது, இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பேசுவது அபூர்வம், அதனால் பிங்கில் எதுவும் தெரியாது. பெரிய கோப்பு போகும்போதுதான் இரண்டு பக்கமும் ஓயாமல் பேசும்.

பழைய கணினியில் இது எப்படி ஓடியது? மாலையில் அதன் டிஸ்க்கை எடுத்து வேறு கணினியில் மாட்டிப் பார்த்தோம். ஸ்டார்ட்டப் ஸ்கிரிப்டின் கடைசியில், 'ஈத்டூல்' கட்டளை ஒன்று, அந்தக் கார்டை 100 ஃபுல் என்று நிலையாக வைக்கிற ஒரே வரி. எவரோ எப்போதோ இதே நோயைக் கண்டுபிடித்து மருந்து போட்டிருக்கிறார், எங்கேயும் எழுதி வைக்கவில்லை. கன்வெர்ட்டர் நிறுவனத்தின் சொத்து, அதன் சுவிட்சைத் தொடக் கூடாது, ஆகவே நம் போர்ட்டிலும் 100 ஃபுல் வைத்தோம். இரண்டு முனையும் நிலையாக இருக்க வேண்டும், அல்லது இரண்டும் ஆட்டோவாக இருக்க வேண்டும். அப்லோட் முழு 20க்கு வந்தது. நாளைக்கு நிறுவனத்தார் கன்வெர்ட்டரை மாற்றி ஆட்டோவில் வைத்துவிட்டுப் போனால் இதே நோய் தலைகீழாக வரும் என்பதால், கன்வெர்ட்டரின் மேலேயே ஒரு லேபிள்: '100 ஃபுல், மாற்றினால் ஃபயர்வாலிலும் மாற்றவும்'.

இரண்டாவது லைன்

பிராட்பேண்ட் கருவியை பிரிட்ஜ் முறைக்கு (வெறுமனே கடத்தி விடுவது) மாற்றி, பிபிபிஓஇ (பயனர் பெயர், பாஸ்வேர்டு கொடுத்து எழுப்புவது) இணைப்பைப் புதுப் பெட்டியிலேயே எழுப்பினோம். பிபிபிஓஇயில் எம்டியூ (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு) 1492, டிசிபி எம்எஸ்எஸ் (அதில் தரவுக்குக் கிடைக்கும் பங்கு) 1452. இதை விட்டுவிட்டால் சில தளங்கள் திறக்கும், சில தளங்கள் வெள்ளையாக நிற்கும். கிடைத்த ஐபி 100.64இல் ஆரம்பித்தது, அதாவது நிறுவனம் பல வாடிக்கையாளரை ஒரே பொது ஐபிக்குப் பின்னால் வைக்கப் பயன்படுத்துகிற வரிசை. வெளியே போகலாம், வெளியிலிருந்து உள்ளே வர முடியாது. இது பின்னால் முக்கியமாயிற்று.

லீஸ்டு லைன் போனால் தானாக இதற்கு மாற வேண்டும். சோதனை என்றால் பெரும்பாலும் நம் பெட்டியில் உள்ள கேபிளை உருவிப் பார்ப்பார்கள், அதில் எல்லாமே தேறும், லிங்க் விழுந்ததும் பெட்டிக்குத் தெரிந்துவிடும். நிஜத்தில் அறுவது தெருவில் உள்ள ஃபைபர். கன்வெர்ட்டரின் ஃபைபர் முனையை உருவினோம். காப்பர் பக்கம் விளக்கு ஜம்மென்று எரிந்துகொண்டே இருந்தது. பெட்டியைப் பொறுத்தவரை லைன் நலம். அதனால் வெளியே ஒரு ஐபிக்கு விடாமல் பிங் போட்டுக் கண்காணிக்கிற ஏற்பாடுதான் காப்பாற்றும். நிறுவனத்தின் கேட்வேயையே கண்காணித்தால் அதற்கு அப்பால் அறுந்தது தெரியாது. லீஸ்டு லைனுக்கு 8.8.8.8, பிராட்பேண்டுக்கு 1.1.1.1 வைத்தோம். மாறும் நேரத்தில் வங்கித் தளத்தில் உள்ளே இருந்தவர்களை அது வெளியே தள்ளும், ஐபி மாறிவிட்டதல்லவா. அதைக் கணக்குப் பிரிவு அக்காவிடம் முன்பே சொல்லிவிட்டேன்.

பதிவுகள், கேமரா, முதலாளியின் ஃபோன்

இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28இல் வெளியிட்ட உத்தரவில் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும், கடிகாரத்தை என்ஐசி (தேசியத் தகவலியல் மையம்) அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேர சர்வரோடு இசைக்க வேண்டும், பட்டியலில் உள்ள பாதுகாப்புச் சம்பவங்களை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று இருக்கிறது. பதிவுகளை பெட்டியின் எஸ்எஸ்டியில் குவிக்காமல் சிஸ்லாக் (பதிவுகளை வேறு கருவிக்கு அனுப்பும் முறை) வழியாக அலுவலகத்தின் சேமிப்புப் பெட்டிக்கு அனுப்பினோம். நேரம் என்ஐசியிலிருந்து. பையருக்கும் இதே பதில் போதுமானதாக இருந்தது.

பதிவு ஓட ஆரம்பித்ததும் கேமரா பெட்டி இருபத்து நாலு மணி நேரமும் வெளியே ஏதோ சர்வரோடு பேசிக்கொண்டிருப்பது தெரிந்தது. தனி விலானில் போட்டு வெளியே போகும் வழியை அடைத்தோம். அன்று இரவே முதலாளியிடமிருந்து ஃபோன், "தம்பி, கேமரா ஃபோன்ல வரலீங்களே." அவருடைய ஃபோனில் வயர்கார்டு விபிஎன் (வெளியிலிருந்து அலுவலக நெட்வொர்க்குக்குள் பாதுகாப்பாக நுழையும் வழி) போட்டுக் கொடுத்தோம், பட்டனை ஒரு தட்டு தட்டிவிட்டுப் பார்க்க வேண்டும். லீஸ்டு லைனுக்குப் பொது ஐபி இருப்பதால் வேலை செய்கிறது. லைன் பிராட்பேண்டுக்கு மாறியிருக்கும் நேரத்தில் வராது, மேலே சொன்ன 100.64 காரணம். இதை அவருக்குப் புரிய வைக்கத்தான் கொஞ்சம் கஷ்டப்பட்டோம்.

திங்கட்கிழமை எட்டரை மணிக்கு ஆட்கள் வந்து கைரேகை வைத்தார்கள், பதிவானது, டேலி திறந்தது. உள்பக்க எண்களைத் தொடாமல் விட்டதன் பலன். விலான் பிரிப்பை அதற்குப் பிந்தைய வாரங்களில் ஒவ்வொரு பிரிவாகச் செய்தோம்.

அமைப்புக் கோப்பின் நகல் இரண்டு இடத்தில் இருக்கிறது. ரேக் கதவின் உள்பக்கம் ஒரே தாளில் போர்ட் எண்கள், மேக் முகவரிகள், டூப்ளெக்ஸ் அமைப்பு, இரு நிறுவனங்களின் உதவி எண், எந்த கார்டு எந்த மின்சாரத்தில் என்பதெல்லாம் ஒட்டியிருக்கிறது. பழைய டிஸ்க்கை அழிக்காமல் உறையில் போட்டு மேலாளரின் அலமாரியில் வைக்கச் சொன்னோம்.

பாக்கி ஒன்று இருக்கிறது. முதலாளி இரண்டாவது பெட்டி வாங்கச் சம்மதித்துவிட்டார், ஒன்று விழுந்தால் மற்றது எடுத்துக்கொள்ள. கார்ப் முறையில் (இரண்டு பெட்டியும் ஒரு ஐபியைப் பகிர்ந்துகொள்வது) அதற்கு லீஸ்டு லைன் பக்கம் மூன்று ஐபி வேண்டும், பெட்டிக்கு ஒன்று வீதம் இரண்டு, இரண்டுக்கும் பொதுவாக ஒன்று. நம்மிடம் இருப்பது ஸ்லாஷ் 30 (நான்கு ஐபி கொண்ட தொகுதி), அதில் பயன்படுவது இரண்டு, அதில் ஒன்று நிறுவனத்தின் ரவுட்டருக்கே போய்விடுகிறது. ஸ்லாஷ் 29 (எட்டு ஐபி) கேட்டு எழுதியிருக்கிறோம், கூடவே இரண்டு பெட்டிக்கும் பொதுவான அந்த ஐபியை எந்த மேக் முகவரியோடும் கட்டி வைக்காமல் விடும்படியும்.